கம்பத்தில் பட்ட பந்து

இரண்டு ஆறுகள் அணைத்துக் கிடக்கும் அரங்கத்தில் அரவின்மேல் கண்வளரும் பெருமானையும், அவன் மார்பைவிட்டு அகலாத தாயாரையும் பணிந்து இவ்வாரக் குறிப்பைத் தொடங்குகிறேன். இன்று தை மாதத்து வளர்பிறை ஏகாதசி, ரோகிணி நட்சத்திரம். உபவாச நாளாகையால் சமையலறை ஓய்ந்திருக்கிறது. எழுதுவதற்கு வேண்டிய அமைதி வாய்த்திருக்கிறது.

போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் முதல் சனிக்கிழமை. விடியற்காலைச் சேவையை முடித்துக்கொண்டு, கையில் தொன்னைப் பொங்கலோடு உத்தர வீதியிலுள்ள எங்கள் வீட்டுக்குள் நுழைகிறேன். கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீண்டு கிடக்கின்றன.

அவை என் மைத்துனன் சேஷாத்ரியின் கால்கள். பொன்மலைப் பணிமனையில் ரயில் பெட்டிகளுக்கு மின்கம்பி இழுத்தே ஓய்வு பெற்றவன். எடமலைப்பட்டி புதூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான். கைப்பேசியில் வரும் படத்தைப் பெரிய திரையில் காட்டுவதற்கென்று மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒரு ஒயரும் வாங்கி வந்திருந்தான். அந்த ஒயர்தான் எந்தத் துளையிலும் நுழைய மறுத்தது.

என் மனைவி கோமளம் அவனுக்கு அக்காள். காபித் தம்ளரோடு நின்றுகொண்டு, "ஏண்டா, நீ மாட்டின விளக்கெல்லாம் ரயில்ல எரிஞ்சுதா இல்லையா?" என்று கேட்டாள்.

"எரிஞ்சுது அக்கா. மாட்டினது நான்தான்னு அதுக்குத் தெரியாது," என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

ஒரு வழியாகப் படம் விழுந்தது. விளக்கொளியில் பச்சைத் தரை. அதில் வெள்ளைக் கோடுகள். பெரிய தோள்களும் தலைக்கவசங்களுமாக ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் மெலிந்த உருவம் ஒன்று. அதன் தலைக்கவசத்துக்குக் கீழே ஒற்றைப் பின்னல் தொங்கியது.

"பின்னல் தெரியறது பாருங்கோ," என்றாள் கோமளம்.

அந்தப் பின்னலுக்குரியவள் எங்கள் பேத்தி செங்கமலம். என் தாயாரின் பெயரைச் சுமப்பவள். அமெரிக்காவில் அவள் வாழும் மாநிலத்தின் பள்ளிகளுக்கிடையே நடக்கும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி அது. அவள் பள்ளி அணியில் பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் ஒருத்தி எங்கள் பேத்தி. மற்ற அத்தனை பேரும் ஆண் பிள்ளைகள்.

மட்டை உரித்த தேங்காய்

இந்த விளையாட்டு அடியேனுக்கு எப்படிப் பழக்கமாயிற்று என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

செங்கமலம் பிறந்த குளிர்காலத்தில் நானும் கோமளமும் மகள் வைதேகியின் வீட்டில் ஐந்து மாதம் இருந்தோம். வெளியே முழங்காலளவு பனி. நடக்க வீதி இல்லை, போகக் கோயில் இல்லை. மாப்பிள்ளை ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு ஆட்டத்தைப் பார்ப்பார். பந்து, மட்டை உரித்த தேங்காய்போல் இரு முனையும் கூர்ந்திருக்கும். அதைக் காலால் உதைப்பதைவிடக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதே அதிகம். பெயரில் கால் இருக்கிறதே என்று கேட்டேன். மாப்பிள்ளை சிரித்தார்.

முதலில் எனக்கு அது மல்லுக்கட்டாகவே தோன்றியது. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு முறையும் மோதுவதற்கு முன், அவர்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாகக் குனிந்து ஏதோ பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டு, கலைந்துபோய் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். இடம் மாறி ஒருவர் நின்றாலும் எல்லாம் குலைகிறது. கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்து பழகியவனுக்கு இது புரியாமல் போகுமா? அன்றிலிருந்து நானும் உட்கார்ந்து பார்க்கலானேன்.

அந்த ஆண்டின் இறுதிப் போட்டியில் கண்ட ஒரு காட்சி இன்னும் மனத்தில் நிற்கிறது. ஒருவர் வெகுதொலைவுக்கு உதைத்த பந்து, எதிரணியின் எல்லைக் கோட்டருகே விழுந்து உருளத் தொடங்கியது. எல்லையைத் தாண்டிவிட்டால் உதைத்தவர்களுக்கு நஷ்டம். தாண்டாமல் நின்றால் லாபம். மலைபோன்ற மனிதர்கள் நாலைந்து பேர் அதைச் சுற்றிக் குனிந்து, தொடாமல், மூச்சுகூட விடாமல் நின்றார்கள். தூளியில் கண்ணயரப் போகும் குழந்தையைச் சுற்றி நிற்பதுபோல நின்றார்கள். பந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தள்ளாடி நின்றது. அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அசையாத ஒரு பந்துக்காக அத்தனை ஆரவாரம் எழுந்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை.

வேறொரு ஆண்டு, ஊர் திரும்பிய பிறகு பார்த்தது. அங்கே ஞாயிறு மாலை என்றால் இங்கே திங்கள் அதிகாலை. நாங்கள் எப்படியும் விழித்திருக்கும் நேரம். பந்தை எறிபவர் எறிந்தார். எதிராளியின் கை பட்டு அது மேலே கிளம்பி, எறிந்தவரிடமே வந்து விழுந்தது. அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அதை அணைத்துக்கொண்டு தாமே ஓடி எல்லையைக் கடந்தார். கோமளம் அன்று முழுதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கொடுத்தது திரும்பி வந்தால் வேண்டாம் என்று சொல்லக் கூடாதாம்.

எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

ஆட்டத்தைப் பார்ப்பது வேறு, வீட்டுப் பெண் குழந்தை அதில் இறங்குவது வேறு என்று அடியேன் நினைத்தேன். இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

செங்கமலம் முதலில் பெண்களின் சாதாரணக் கால்பந்து ஆடினாள். அவள் உதைக்கும் நேர்த்தியைக் கண்ட பயிற்சியாளர் ஒருவர் இந்த அணிக்கு அழைத்தார். வைதேகி தொலைபேசியில் என்னிடம் மெல்ல ஆரம்பித்தபோது, "பொம்மனாட்டிக் குழந்தைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டேன். அதன்பின் அந்தப் பேச்சே வரவில்லை. அவள் விட்டுவிட்டாள் என்று நம்பியிருந்தேன்.

விடவில்லை. இரண்டு பருவங்கள் ஆடியிருக்கிறாள். கோமளத்துக்குத் தெரியும், சேஷாத்ரிக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இறுதிப் போட்டிக்கு அவள் அணி வந்ததும் அவளே என்னை அழைத்தாள். "தாத்தா, நான் இன்னும் ஆடிண்டுதான் இருக்கேன். சனிக்கிழமை நீங்க பார்க்கணும்," என்றாள். குரலில் நடுக்கம் இருந்தது, மன்னிப்பு இல்லை. அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருந்தது. பார்க்கிறேன் என்றேன். தாத்தா ஆற்றின் நடுவே இருக்கும் கோயில் ஊரிலிருந்து பார்க்கப் போகிறார் என்று அவள் அணிப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எண்ணாமல் விட்ட உதை

ஆட்டம் தொடக்கத்திலேயே எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. சரிவு எங்களுடையது என்ற பொருளில் சொல்கிறேன். எதிரணி அடுத்தடுத்து இரண்டு முறை எல்லையைக் கடந்தது. சேஷாத்ரி ஒவ்வொன்றையும் கிரிக்கெட்டாக மாற்றி விளக்கினான். கோமளம் அவனை வாயை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னாள்.

பாதிக்குப் பிறகு நிலைமை மாறியது. பந்தை எறிபவர், எறிவதுபோல் கையை ஓங்கிவிட்டு, பின்னால் ஓடி வந்தவனிடம் முதுகுக்குப் பின்னாலேயே கொடுத்துவிட்டார். எதிரணி முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் தரையோடு தரையாக ஓடிவிட்டான். சற்றைக்கெல்லாம் இன்னொன்று. எதிரணி இடையில் இரண்டு புள்ளி கூடச் சேர்த்திருந்ததால், கடைசி நிமிடத்தில் எங்கள் அணி இரண்டே புள்ளி பின்தங்கியிருந்தது. இனி ஓடிப் பயனில்லை. தொலைவில் நிற்கும் இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளி, பட்டம் அவர்களுக்கு.

செங்கமலம் ஓரத்திலிருந்து நடந்து வந்தாள். அத்தனை பெரிய மைதானத்தில் அவள் நடை எனக்கு என் தாயாரின் நடையாகத் தெரிந்தது.

ஒருவன் மண்டியிட்டுப் பந்தை நிறுத்தினான். அவள் மூன்றடி வைத்து உதைத்தாள். பந்து எழும்பியது, சுழன்றது, இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவே புகுந்து போயிற்று.

சேஷாத்ரி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். கோமளம் பூஜையறையான பெருமாள் உள்ளுக்கு ஓடிக் கற்பூரம் ஏற்றினாள். மணியோசை கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் நடுவர் ஒருவர் கைகளைத் தலைக்குமேல் குறுக்காக ஆட்டுவதைக் கண்டேன். யாரும் கொண்டாடவில்லை. எல்லோரும் மறுபடி அவரவர் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

உதைப்பதற்கு ஒரு நொடி முன்பே எதிரணிப் பயிற்சியாளர் ஆட்டத்தைச் சற்று நிறுத்தும் டைம்-அவுட் கேட்டுவிட்டாராம். உதைப்பவரின் மனத்தைக் கலைப்பதற்காகச் செய்வது, விதிக்கு உட்பட்டதுதான். எனவே நடந்தது நடக்கவில்லை.

"டெட் பால்ல சிக்ஸர் அடிச்ச மாதிரி, அத்திம்பேர்," என்றான் சேஷாத்ரி. அன்று அவன் சொன்ன உவமைகளில் அது ஒன்றுதான் சரியாகப் பொருந்தியது.

அவள் மறுபடி நின்றாள். மறுபடி மூன்றடி. பந்து முன்போலவே எழும்பியது. ஆனால் இடப்பக்கம் ஒரு நூலளவு சாய்ந்து, கம்பத்தில் பட்டது. அந்த ஓசை இங்கே கூடத்தில் கேட்டது. பட்ட பந்து உள்ளே விழாமல் வெளியே தெறித்தது. ஆட்டம் முடிந்தது.

பெருமாள் உள்ளில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அதன்பின் நான் கண்டதுதான் என்னை வருத்தியது. அவள் தலையைக் குனிந்து நிற்க, அவள் அணியைச் சேர்ந்த அந்த ஆஜானுபாகுவான பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓடிவந்து அவள் தலைக்கவசத்தில் இரண்டு கைகளாலும் அடித்தார்கள். ஒருவன் நெற்றியாலேயே முட்டினான். தோற்ற ஆத்திரத்தைப் பெண் குழந்தைமேல் காட்டுகிறார்களே என்று நினைத்தேன். தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னேன்.

வரிசையின் வழக்கம்

இங்கே எங்கள் கோஷ்டியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பெருமாள் முன்பாக இரண்டு வரிசையாக எதிரெதிரே அமர்ந்து பாசுரம் சேவிப்போம். ஒரு வரிசை ஓர் அடியைச் சொல்ல, எதிர் வரிசை அடுத்த அடியை எடுக்கும். யாருக்கேனும் அடி மறந்தால், பக்கத்திலிருப்பவர் குரலை உயர்த்தி அதைத் தாங்கிக்கொண்டு போய்விடுவார். தவறியவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாற்றுமுறை முடிந்து வெளியே வந்த பிறகும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. மறுநாளும் இல்லை. எப்போதும் இல்லை. அவருடைய மானத்தை மற்றவர்கள் காக்கும் முறை அது. நாற்பது ஆண்டுகள் அந்த வரிசையில் அமர்ந்தவன் வேறு எப்படி நடந்துகொள்வான்?

கோமளத்திடமும் சேஷாத்ரியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், குழந்தையிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாதென்று. ஞாயிறுதோறும் தொலைபேசி வரும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பெருமாள் முத்தங்கி அணிந்து காட்சி தரும் சேவையைப் பற்றிச் சொன்னேன். அவள் பரீட்சையைப் பற்றிக் கேட்டேன். எவ்வளவு நாசூக்காகக் காப்பாற்றுகிறோம் என்று எனக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது.

மூன்றாவது வாரம் செங்கமலம் தலைவலி என்றாள். நாலாவது வாரம் குளிக்கப் போயிருந்தாள். அதற்கடுத்த வாரம் காரணமும் சொல்லப்படவில்லை.

கனுவன்று வந்த அழைப்பு

பொங்கலுக்கு மறுநாள், கோமளம் காக்கைக்குக் கனுப்பிடி வைத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கும் நேரத்தில் வைதேகி அழைத்தாள். செங்கமலம் அணியிலிருந்து விலகிவிட்டாளாம். சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். தோற்றதற்காகவா என்று கேட்டேன்.

"தோத்ததுக்கு இல்லப்பா. நீங்க ஒரு வார்த்தை பேசலையே. தாத்தா பார்த்த முதல் ஆட்டத்துல அவருக்கு அவமானமாப் போயிடுத்துன்னு நினைச்சுண்டிருக்கா. உங்களுக்கு முகத்தைக் காட்ட முடியலைங்கறா."

அவளைக் கூப்பிடச் சொன்னேன். நெடுநேரம் கழித்து, "தாத்தா," என்று ஒரு குரல் வந்தது.

"அன்னிக்கு அவாள்லாம் சேர்ந்து உன்னை அடிச்சாளே, அது எனக்குப் பொறுக்கலைம்மா," என்றேன்.

"யாரு அடிச்சா?"

"உன் டீம் பசங்கதான். ஒவ்வொருத்தனா வந்து தலையில, ரெண்டு கையாலயும். ஒருத்தன் முட்டினான். நான் பார்த்தேன்."

அவள் சிரித்தாள். அழுகையும் கலந்த சிரிப்பு.

"அது அடி இல்ல தாத்தா. மிஸ் பண்ணினா அப்படித்தான் வந்து தட்டுவா. நீ எங்க ஆளுன்னு அர்த்தம். யாருமே வராம போனாத்தான் பயம்."

வாசகர்களே, அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த ஐந்து ஞாயிறுகளிலும் வராமல் போனவன் நான் ஒருவன்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் வரிசையின் வழக்கத்தை அவளுக்கு விளக்கினேன். அவமானத்தால் அல்ல, அவளுடைய மானத்துக்காகவே பேசாமல் இருந்தேன் என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீங்க எப்பவாவது மிஸ் பண்ணியிருக்கேளா?" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று சொன்னேன்.

எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஓர் உற்சவ நாளில் பெரியவர் ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட, பாசுரத்தைத் தொடங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஊரே கூடியிருந்தது. நாலாவது பாட்டில், அதே சந்தத்தில் வரும் வேறொரு பதிகத்துக்குள் என்னையறியாமல் நுழைந்துவிட்டேன். என் வரிசை என்னோடு வர முடியாமல் நின்றது. எதிர் வரிசையிலிருந்த ஒரு கணீர்க் குரல் சரியான அடியை எடுத்துக்கொண்டு போயிற்று. யாரும் என்னைப் பார்க்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் தீர்த்தம் வாங்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். ஒரு மாதம் வரை, யாரையும் எதிர்கொள்ளாமலிருக்க, சித்திரை வீதியைச் சுற்றிக்கொண்டே வீடு திரும்பினேன்.

"அப்புறம் யாராவது உங்ககிட்ட வந்தாளா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. யாரும் வரலை."

"பாவம் தாத்தா நீங்க."

இந்த வயதில், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தச் சொல் வந்து சேர்ந்தது. அன்று அந்த வீதி முனையில் நடந்தபோது, யாராவது ஒருவர் பின்னாலிருந்து கூப்பிடமாட்டாரா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நடந்ததும், அதை மரியாதை என்ற பெயரில் மறந்துபோனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

மஞ்சள் கையோடு படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கோமளத்தை அப்போதுதான் கவனித்தேன். உனக்கும் இதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள். "பூக்காரம்மாவே சொல்லிட்டா. நீங்களா சொல்லுவேள்னு இருந்தேன்."

தொலைபேசியில் செங்கமலம் மறுபடி சிரித்தாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். பிறகு நான், நாற்பது ஆண்டு வழக்கத்தை மீறி, அந்த உதையைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டேன். காற்று எந்தப் பக்கம் வீசியது, பந்தை நிறுத்தியவன் சரியாக நிறுத்தினானா, இரண்டாம் முறை நிற்கும்போது மனத்தில் என்ன ஓடியது என்று. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். இத்தனை நாளாக வைத்திருந்த பதில்கள். முடிவில், "அழகா இருந்ததும்மா, ரெண்டு உதையும்," என்றேன்.

மறுநாள் காலை அவள் பயிற்சியாளரிடம் போய்ச் சீருடையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

அடுத்த பருவத்தில் அவள் அணி இறுதிப் போட்டிக்கு வரவில்லை. பாதி வழியிலேயே தோற்றது. இப்போது கல்லூரிக்குப் போகத் தயாராகிறாள். அங்கே இடம் கிடைக்குமோ என்னவோ. ஆனாலும் வாரந்தோறும் பயிற்சி செய்கிறாள், படம் பிடித்து அனுப்புகிறாள். கம்பங்களுக்கு நடுவே போனவற்றை உறவினர் எல்லோரும் இருக்கும் குழுவுக்கு அனுப்புவாள். தவறியவற்றை எனக்கு மட்டும் தனியாக அனுப்புவாள். பதிலுக்கு நானும் அந்த வாரம் கோஷ்டியில் எந்த அடியில் இடறினேன் என்பதைப் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறேன். வயது ஏற ஏற என்னிடம் அனுப்புவதற்கு நிறையவே இருக்கிறது.

இதை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் நோயின்றி, குறையின்றி, சுற்றத்தோடு நெடுங்காலம் வாழ அரங்கநகரப்பனை வேண்டுகிறேன். கால் இடறும் நாளில் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடிவர ஒருவரையேனும் அவன் உங்களுக்கு அருளட்டும்.